அண்டர்டேக்கர்: இன்னும் மனசை விட்டுப் போகாத அந்த நொடி

மணியோசை:
ரெசில்மேனியா 30, 2014, WWE மல்யுத்தத்தின் வருடாந்திரப் பெரிய நிகழ்ச்சி. பிராக் லெஸ்னர், மல்யுத்த வீரர் அண்டர்டேக்கருக்கு மூன்றாவது எஃப்-5 (தோளில் தூக்கிச் சுழற்றித் தரையில் அடிப்பது) போட்டதும், "இப்போ டேக்கர் விலுக்கென்று எழுந்து உட்காருவார் பாரு" என்று தம்பியின் தோளைத் தட்டினேன். நடுவரின் கை மூன்றாவது தடவையும் தரையில் பட்டது. இசை வரவில்லை. சூப்பர்டோமில் அவ்வளவு கூட்டம், சத்தமே இல்லை. அப்புறம் திரையில் 21-1: ரெசில்மேனியாவில் 21 வெற்றிக்குப் பிறகு அவருக்கு முதல் தோல்வி. தம்பி என் முகத்தைக்கூடப் பார்க்காமல் எழுந்து போய்விட்டான். "ரெசில்மேனியாவில் அவருக்குத் தோல்வியே கிடையாது" என்று சின்ன வயசில் அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். அந்த நினைப்பு இன்னும் உறுத்துகிறது.

கறுப்புத்தொப்பி:
அன்றைக்கு நடுவர் தப்பாக எண்ணிவிட்டார் என்று இன்னமும் சிலர் சொல்கிறார்கள். இல்லவே இல்லை, முடிவு முன்பே எடுத்தது. தலையில் அடிபட்டு, அந்தப் போட்டியே தனக்கு ஞாபகம் இல்லை என்று அண்டர்டேக்கரே சொல்லியிருக்கிறார். என் நொடி 2017 ரெசில்மேனியா. ரோமன் ரெயின்ஸிடம் தோற்ற பிறகு கையுறை, கோட்டு, தொப்பி மூன்றையும் வளையத்தின் நடுவில் வைத்துவிட்டுப் போனார். தொப்பியை வைக்கும்போது கொஞ்சம் தயங்கினார், பார்த்தீர்களா? அங்கேயே எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

கூண்டுக்காரன்:
தயங்கினதெல்லாம் சரி நண்பரே, "முடிவு முன்பே எடுத்தது" என்று இவ்வளவு லேசாகச் சொல்லாதீர்கள். 1998 ஜூன் 28, பிட்ஸ்பர்க். வளையத்தைச் சுற்றி நிறுத்திய இரும்புக் கூண்டின் உச்சியிலிருந்து மேன்கைண்ட் என்ற வீரரை அண்டர்டேக்கர் தூக்கிப் போட்டார், 16 அடி. மேசை நொறுங்கியது. என்கூடப் பார்த்த மாமா, "எல்லாம் நாடகம்டா" என்று சொல்லிக்கொண்டே இருந்தவர், அதோடு வாயை மூடிக்கொண்டார். மேன்கைண்ட் திரும்பவும் மேலே ஏறினார். இந்தத் தடவை கூரையே பிய்ந்து உள்ளே விழுந்தார். உடைந்த பல் மூக்குக்குள் போய்ச் சிக்கியது. யார் ஜெயிப்பது என்பதை முன்கூட்டி முடிவு செய்யலாம். விழுகிற உடம்புக்கு வலிக்காமல் செய்ய யாராலும் முடியாது.

நடுநிசி:
சின்ன வயசில் மெத்தையில் அண்ணன் எனக்கு அண்டர்டேக்கரின் டூம்ஸ்டோன் (ஆளைத் தலைகீழாகப் பிடித்துத் தரையில் இறக்குவது) போட்டான். கழுத்து இரண்டு நாள் திரும்பவில்லை. அவ்வளவுதான் என் கதை. ஆனால் இதைப் படிக்கிற தம்பிகளுக்கு ஒன்று சொல்லியே ஆக வேண்டும். அண்டர்டேக்கர் அதைப் போடும்போது முழங்காலில் இறங்குவார், எதிராளியின் தலை அவர் தொடைக்கு நடுவில் தரையைத் தொடாமல் நிற்கும். அந்தச் சின்ன இடைவெளிதான் கழுத்தைக் காப்பாற்றுகிறது. 1997 சம்மர்ஸ்லாம் நிகழ்ச்சியில் ஓவன் ஹார்ட் முழங்காலில் இறங்காமல் உட்கார்ந்தபடி இறங்கினார், ஸ்டீவ் ஆஸ்டினின் தலை நேராகத் தரையில் மோதியது. கொஞ்ச நேரம் ஆஸ்டினால் கை கால் அசைக்கவே முடியவில்லை. வருஷக்கணக்கில் பழகியவர்களுக்கே அந்தக் கதி. மெத்தை இருக்கிறது, தலையணை இருக்கிறது என்று யாரும் இறங்காதீர்கள். வீட்டில் குழந்தைகள் செய்தால் சிரித்துக்கொண்டு வீடியோ எடுக்காதீர்கள், உடனே நிறுத்துங்கள்.

சாம்பல்கலசம்:
நடுநிசி அண்ணன் சொன்னது நியாயம். மணியோசைக்கு ஒன்று: தம்பியோடு உட்கார்ந்து அண்டர்டேக்கரின் 2020 நவம்பர் 22 விடைபெறலைப் பாருங்கள். 1990-இல் அவர் அறிமுகமான அதே தேதி, சரியாக 30 வருஷம். அரங்கில் கூட்டம் கிடையாது. சுற்றிலும் திரைகளில் மட்டும் முகங்கள். அவருடைய மேலாளராக வந்து, 2013-இல் இறந்துபோன பால் பேரரின் உருவம் கையில் சாம்பல் கலசத்தோடு ஒளியாக எழுந்து நின்றது. அதன் முன்னால் அண்டர்டேக்கர் ஒற்றை முழங்காலை ஊன்றித் தலை குனிந்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது.