பாடகர் இல்லாத ஓஸ்ரிக் டென்டக்கிள்ஸ் 11-ஆம் இடத்தை எட்டியது எப்படி?

கேள்வி:
ஓஸ்ரிக் டென்டக்கிள்ஸ் என்ற பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவின் ‘ஜுராசிக் ஷிஃப்ட்’ ஆல்பத்தைச் சென்ற வாரம்தான் முதன்முறையாகக் கேட்டேன். அது 1993-இல் பிரிட்டனின் ஆல்பம் தரவரிசையில் 11-ஆம் இடம் வரை சென்றது என்று அறிந்து வியந்தேன். பாடகரும் இல்லை, பெரிய இசை வெளியீட்டு நிறுவனத்தின் துணையும் இல்லை. பிறகு எவ்வாறு இது வாய்த்தது?

மறுமொழி 1:
அந்த ஆல்பத்துக்குப் பின்னால் பத்து ஆண்டு உழைப்பு இருக்கிறது. 1983-இல் இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்ச் இலவச இசைவிழாவில் உருவான இக்குழு, 1985 முதல் 1989 வரை ஆறு ஒலிநாடாக்களைத் தானே பதிவுசெய்து, நிகழ்ச்சிக்கு வந்தவர்களிடம் நேரடியாக விற்றது. விளம்பரமே இல்லாமல் அவை பரவின. எனவே 1989-இல் ‘பன்ஜென்ட் எஃபல்ஜென்ட்’ ஆல்பம் வெளிவந்தபோது, அதை வாங்குவதற்கு ஒரு கூட்டம் ஏற்கெனவே காத்திருந்தது. அடுத்து வந்த ஆல்பங்களை டவ்டெயில் என்ற தங்கள் சொந்த நிறுவனத்தின் வழியாகவே வெளியிட்டார்கள். பிற்காலத்தில் அந்த ஆறு ஒலிநாடாக்களும் ஒரே தொகுப்பாகக் குறுந்தகட்டில் வந்தன. இக்குழுவின் உண்மையான வரலாறு அவற்றில்தான் இருக்கிறது என்பேன்.

மறுமொழி 2:
நண்பர் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் காலமும் கைகொடுத்தது. மின்னணு நடன இசை பிரிட்டனின் இளைஞர்களை ஆட்கொண்டிருந்த ஆண்டுகள் அவை. டிரம்ஸ் வாசித்த மெர்வ் பெப்லரும் கீபோர்டு வாசித்த ஜோயி ஹின்டனும் ‘ஈட் ஸ்டேட்டிக்’ என்ற மின்னணு இசைக்குழுவையும் நடத்திவந்தார்கள். அதற்காகவே 1994-இல் ஓஸ்ரிக்கை விட்டு விலகினார்கள். ஓயாமல் சுழலும் சின்தசைசர் ஒலியின்மீது குழுவின் கிட்டார் கலைஞர் எட் வின்னின் கிட்டார் நீண்டு பறக்கும்போது, பழைய ஸ்பேஸ் ராக் (விண்வெளியில் மிதப்பதுபோன்ற ராக் இசை) ரசிகரும் நடன அரங்கிலிருந்து வந்தவரும் ஒரே இடத்தில் நிற்க முடிந்தது. என் கணிப்பில், சொற்கள் இல்லாததே அதற்கு உதவியது.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. அடுத்து எதைக் கேட்கலாம்?

மறுமொழி 1:
1990-இல் வந்த ‘எர்ப்லேண்ட்’. எட் வின்னின் சகோதரர் ரோலி வின் வாசித்த பேஸ் கிட்டாரை அதில் கவனித்துக் கேளுங்கள். மற்ற கருவிகள் எவ்வளவு தொலைவு அலைந்தாலும் அதுவே அவற்றைத் தரையோடு பிணைத்து வைத்திருக்கிறது. அதன்பின் நேராக 2020-இன் ‘ஸ்பேஸ் ஃபார் தி எர்த்’ ஆல்பத்துக்குச் செல்லுங்கள். தொடக்கக்கால உறுப்பினர்களில் எட் வின் மட்டுமே எஞ்சியிருந்தும், அவருடைய கிட்டாரை முதல் நிமிடத்திலேயே அடையாளம் கண்டுகொள்வீர்கள்.