ரெனுவார் ஓவியத்துல அந்தக் கோட்டு மேல இருப்பது வெயிலா, கறையா?

கரிக்கட்டை: பக்கத்துத் திரியில ஒரு மகானுபாவர் எழுதியிருக்கார்: பிரெஞ்சு ஓவியர் ரெனுவாருக்கு வெயில் வரையத் தெரியாதாம். 'முலான் தெ லா கலெத்' நடனப் படத்துல முன்னாடி முதுகு காட்டி உட்கார்ந்திருக்கிறவர் கோட்டு முழுக்க ஊதாக் கறையாம். 1876, பாரிஸ் மோன்மார்த்ரில் திறந்தவெளி ஆட்டம், இலை வழியா வெயில் இறங்குது. கறையாய்யா அது?

தெற்குவாசல்: மகானுபாவர் நான்தான். பேர் சொல்லியே திட்டலாம். ஊதா வெயில் எந்த ஊர்ல அடிக்குது?

கரிக்கட்டை: வேப்பமரத்தடியில நின்னு பாருங்க. சின்ன இலை இடுக்கு எந்த வடிவத்துல இருந்தாலும் தரையில விழுற வெளிச்சப் புள்ளி வட்டமாத்தான் இருக்கும். அது சூரியனோட பிம்பம். நிழலுக்கு வெளிச்சம் நீல வானத்துலேர்ந்து வருது. அதான் அங்க நீலமும் ஊதாவும்.

தெற்குவாசல்: நிழல் ஊதா, சரி. வெளிச்சம் விழுற இடமும் ஊதாவா இருக்கே, அதுக்குப் பதில்? விமர்சகர் ஆல்பெர் வோல்ஃப் அன்னிக்கே ஃபிகாரோ பத்திரிகையில எழுதிட்டார், பச்சையும் ஊதாவுமா அழுகுற சதைன்னு.

கரிக்கட்டை: அது வேற படம் சார். வெயில்ல ஒரு பெண்ணோட மேலுடம்பு, 1876 கண்காட்சியில வந்தது. நடனப் படம் காட்சிக்கு வந்தது 1877ல. படிக்காம அடிச்சுவிடுறது உங்களுக்குப் புதுசா? தஞ்சாவூர் ஓவியத் திரியிலயே பார்த்தோமே.

தெற்குவாசல்: தஞ்சாவூர் இங்க எதுக்கு? கோட்டுக்கு வாங்க.

மல்லி: 1990 ஏலத்துல 78 மில்லியன் டாலருக்குப் போன படம். கறைக்கு யார் அவ்வளவு கொடுப்பா?

கரிக்கட்டை: ஆதரவுன்னு வந்து குட்டையைக் குழப்பாதீங்கம்மா. ஜப்பான் தொழிலதிபர் சைட்டோ வாங்கினது இதோட சின்ன வடிவம். பெரிசு 131க்கு 175 செ.மீ., பாரிஸ் ஓர்சே அருங்காட்சியகத்துல இருக்கு. ஓவியர் கயில்போத் வாங்கி வச்சிருந்து, அவர் காலத்துக்கு அப்புறம் அரசுக்குப் போனது.

மல்லி: உங்களுக்குப் போய் பரிஞ்சு பேசினேன் பாருங்க.

தெற்குவாசல்: கயில்போத் வாங்கினா கறை வெளுத்துடுமா?

கரிக்கட்டை: நீலத் துணி மேல இளஞ்சிவப்பை மெல்லிசா இழுத்தா ஊதாதான் வரும். தூரிகை பிடிச்சவனுக்குத் தெரியும். இடப்பக்கம் ஆடுற ஜோடி, அவங்க காலடியைப் பாருங்க, அங்கேயும் அதே நிறம். தரையிலயும் கறைன்னு சொல்வீங்களா?

தெற்குவாசல்: சொல்வேன். அங்கேயும் கறைதான்.

கரிக்கட்டை: கும்பிடு. ஃபோன் திரையில பார்த்துட்டு வர்றவங்ககிட்ட எண்ணெய் வண்ணம் பேசினேனே!

தெற்குவாசல்: நீங்க பாரிஸ் போய்ப் பார்த்தீங்களாக்கும்?

கரிக்கட்டை: அது இப்ப கேள்வியா?

மல்லி: சின்ன வடிவம்னாலும் 78 மில்லியன்தானே.