பேஸ்பால் பரவியது படையாலா, பள்ளியாலா?

விசில் மாஸ்டர்:
"அமெரிக்கப் படை கால் வைத்த நாடுகளில் மட்டும்தான் பேஸ்பால் வளர்ந்தது, வெள்ளைக்காரன் நமக்குக் கிரிக்கெட்டைத் தந்தது போல அமெரிக்கச் சிப்பாய் அவர்களுக்கு அதைத் தந்தான்" என்று சேப்பாக்கம் கேலரி நேற்று எழுதியிருந்தார். சென்னைப் பள்ளிகளில் இருபத்தெட்டு ஆண்டுகள் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவன் நான். இதைப் படித்துவிட்டு வாய்மூடி இருக்க முடியவில்லை. ஜப்பானுக்கு அந்த ஆட்டத்தைக் கொண்டுபோனவர் ஹொரேஸ் வில்சன் என்ற ஆசிரியர்; டோக்கியோவில், 1872இல், தம் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். அமெரிக்கப் படை அங்கே இறங்கியதோ 1945இல். கியூபாவுக்கு 1864இல் மட்டையையும் பந்தையும் கொண்டுவந்தவர் அமெரிக்காவில் படித்துவிட்டுத் திரும்பிய நெமேசியோ கில்யோ என்ற மாணவர். அங்கே அமெரிக்கப் படை போனது 1898இல். வாத்தியாரும் மாணவனும் செய்த வேலையைச் சிப்பாயின் கணக்கில் எழுதாதீர்கள்.

சேப்பாக்கம் கேலரி:
மாஸ்டர் பாதியை மட்டும் சொல்லியிருக்கிறார். அந்த வில்சன் அமெரிக்க உள்நாட்டுப் போரில் சண்டையிட்ட முன்னாள் சிப்பாய். அவர் ஜப்பானுக்குள் எப்படி நுழைந்தார்? 1853இல் அமெரிக்கக் கடற்படைத் தளபதி பெர்ரி போர்க்கப்பல்களோடு வந்து மிரட்டியதால்தான் அந்த நாடு வெளிநாட்டவருக்குக் கதவையே திறந்தது. பீரங்கி திறந்துவிட்ட கதவு வழியாக ஒரு முன்னாள் சிப்பாய் உள்ளே வந்தார் என்றால் அது படை இல்லாமல் வேறென்ன?

விசில் மாஸ்டர்:
1872இல் வில்சன் கையில் இருந்தது சாக்பீஸ், துப்பாக்கி அல்ல. போருக்குப் போய்வந்தவர் பிறகு பள்ளியில் பாடம் நடத்தினால் அவர் ஆசிரியர்தான். 1896இல் டோக்கியோ மேல்நிலைப் பள்ளி மாணவர்கள் யோகோஹாமாவில் இருந்த அமெரிக்கர்களை 29-4 என்று தோற்கடித்தார்கள். அந்த ஒரு வெற்றிதான் ஊர் ஊராக அந்த ஆட்டத்தின் மீது ஆசையை உண்டாக்கியது. 1915இல் பள்ளிகளுக்கான தேசியப் போட்டி தொடங்கியது, 1924இல் அதற்கென்றே கோஷியென் மைதானம் கட்டப்பட்டது. தொழில்முறை லீக் வந்தது 1936இல்தான். முதலில் பள்ளி, பிறகுதான் பணம்.

வியாசர்பாடி வேகம்:
அண்ணன்மாரே, ஜப்பானை விடுங்கள். எங்கள் தெருவில் ஒரு டென்னிஸ் பந்தும் ஒரு மட்டையும் இருந்தால் இருபது பேர் பொழுது முழுக்க ஆடலாம், ஸ்டம்புக்குச் சுவரில் மூன்று கோடு போதும். பேஸ்பாலில் ஒன்பது பேர் ஃபீல்டிங் நின்றால் ஒன்பது பேருக்கும் கையுறை வேண்டும். இதைப் பேசாமல் வில்சன் சிப்பாயா வாத்தியாரா என்று ஏன் அடித்துக்கொள்கிறீர்கள்?

சொல்லாய்வன்:
எல்லோரும் பேஸ்பால் பேஸ்பால் என்று எழுதுகிறீர்கள். அடிபந்தாட்டம் என்ற நல்ல தமிழ்ச்சொல் இருக்கிறது. சொல் இல்லாத இடத்தில் ஆட்டம் எப்படி வேரூன்றும்?

வியாசர்பாடி வேகம்:
ஐயா, கிரிக்கெட்டிலும் பந்தை அடிக்கத்தானே செய்கிறோம்? 'மட்டைப்பந்து' என்று நீங்கள் பெயர் வைப்பதற்கு முன்பே கிரிக்கெட் எங்கள் தெருவுக்கு வந்துவிட்டது.

சொல்லாய்வன்:
தாய்மொழியைக் கேலி செய்துதான் ஒரு விளையாட்டை வளர்க்க வேண்டுமா? போன மாதம் ஹாக்கி பற்றிய பேச்சிலும் நீங்கள் இதே வேலையைச் செய்தீர்கள், நான் மறக்கவில்லை.

விசில் மாஸ்டர்:
சொல் சண்டையைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். கையுறை பற்றித் தம்பி கேட்டது நியாயமான கேள்வி, அதற்கு என் அனுபவத்தையே சொல்கிறேன். தொண்ணூறுகளில் ஒரு பள்ளியில் பேஸ்பால் கற்றுக்கொடுக்க முயன்றேன். கையுறையை நீட்டியதும் ஒரு பையன், "கிளவுஸ் கீப்பருக்குத்தானே சார்?" என்று கேட்டான். முதல் நாள் பந்தை அடித்த பையன்கள் எல்லோரும் மட்டையைக் கீழே போடாமல் கையில் பிடித்துக்கொண்டே முதல் பேஸுக்கு, அதாவது ஓடித் தொட வேண்டிய முதல் இடத்துக்கு, ஓடினார்கள், போய்ச் சேர்ந்ததும் மட்டையைத் தரையில் ஊன்றித் திரும்பி ஓடிவரப் பார்த்தார்கள். ஒருவன் அழகான லேட் கட் அடித்துவிட்டு, பந்து பின்பக்கம் போனதால் அது ஃபவுல், செல்லாது என்றதும் கண் கலங்கினான். ஆனாலும் இரண்டே வாரத்தில் அத்தனை பேரும் கற்றுக்கொண்டார்கள். நின்றுபோனதற்குக் காரணம் நிர்வாகம்தான். மண்டலப் போட்டி இல்லாத ஆட்டத்துக்கு மைதானம் தர முடியாது என்று சொல்லி, இருந்த நாலு கையுறையையும் அறையில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். அந்தப் பூட்டை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

சேப்பாக்கம் கேலரி:
உங்கள் கதையே என் கட்சிக்குத்தான் சாட்சி சொல்கிறது. இங்கே அமெரிக்கப் படை இல்லை, அதனால் ஆட்டமும் நிலைக்கவில்லை. ஜப்பானியப் படை பிடித்திருந்த தைவானில் நிலைத்தது.

விசில் மாஸ்டர்:
நேற்று அமெரிக்கப் படை என்றீர்கள், இன்று ஜப்பானியப் படை ஆகிவிட்டது. நாளைக்கு எந்தப் படையோ. இரண்டாம் உலகப்போரின்போது கல்கத்தாவில் ஆயிரக்கணக்கான அமெரிக்கச் சிப்பாய்கள் இருந்தார்களே, அங்கே ஏன் பேஸ்பால் தங்கவில்லை? பிலிப்பைன்ஸ் ஏறத்தாழ அரை நூற்றாண்டு அமெரிக்கர் கையில் இருந்தது, இன்று அங்கே தெருவுக்குத் தெரு கூடைப்பந்து வளையம்தான். தைவானுக்கே வருகிறேன். 1931இல் கோஷியென் இறுதி ஆட்டம் வரை போன கானோ அணி ஒரு விவசாயப் பள்ளியின் அணி. ஜப்பானியப் பையன்களும் சீன வம்சாவளிப் பையன்களும் பழங்குடிப் பையன்களும் அதில் சேர்ந்து ஆடினார்கள். 2024இல் அதே தைவான் டோக்கியோவில் ஜப்பானையே 4-0 என்று வென்று பிரீமியர் 12 என்ற சர்வதேச பேஸ்பால் கோப்பையை எடுத்தது.

சேப்பாக்கம் கேலரி:
ஆசிய பேஸ்பால் போட்டியின் முதல் கோப்பையை 1954இல் வென்றதே பிலிப்பைன்ஸ்தான். அதை ஏன் மறைத்தீர்கள்? படை போன இடத்தில் ஆட்டம் முளைத்தது என்பதற்கு அதைவிட என்ன வேண்டும்?

விசில் மாஸ்டர்:
முளைத்தது, ஆனால் நிலைக்கவில்லை. நான் கேட்பது நிலைத்த நாடுகளைப் பற்றி. கொரியாவுக்கு 1905 வாக்கில் இதைக் கொண்டுபோனவர் ஒய்.எம்.சி.ஏ. என்ற கிறித்தவ இளைஞர் சங்கத்தின் பிலிப் ஜில்லெட். அதே ஒய்.எம்.சி.ஏ.வின் ஹாரி பக் 1920இல் நம் சென்னையில் உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். கூடைப்பந்தும் கைப்பந்தும் எறிபந்தும் இன்று நம் பள்ளிகளில் இருக்கின்றன, அவற்றுக்கு மண்டலம், மாவட்டம், மாநிலம் என்று போட்டிகளும் இருக்கின்றன. எந்தச் சிப்பாய் வந்து நம் பெண்பிள்ளைகளுக்கு எறிபந்து சொல்லிக்கொடுத்தான்? பையன் ஜெயிப்பதற்கு ஒரு கோப்பை இருந்தால் எந்த நாட்டு ஆட்டமும் நிலைக்கும்.

வியாசர்பாடி வேகம்:
மாஸ்டர், எறிபந்துக்கு ஒரு பந்தும் ஒரு வலையும் போதும். நீங்கள் மறுபடியும் கையுறையைத் தாண்டிப் போய்விட்டீர்கள்.

சொல்லாய்வன்:
எறிபந்து, கூடைப்பந்து, கைப்பந்து. நிலைத்த மூன்றுக்கும் தமிழ்ப் பெயர் இருப்பதை மாஸ்டரே எழுதிவிட்டார். நான் சொன்னதும் அதைத்தான்.

சேப்பாக்கம் கேலரி:
சுற்றி வளைக்க வேண்டாம். வில்சன் போரில் சண்டையிட்டாரா இல்லையா? ஒரே சொல்லில் பதில் வேண்டும்.

விசில் மாஸ்டர்:
1872இல் அவர் ஆசிரியர். பத்து முறை கேட்டாலும் பதில் இதுதான். நீங்கள் சொல்லுங்கள், கியூபாவின் கில்யோ எந்தப் படையில் இருந்தார்?

சேப்பாக்கம் கேலரி:
முதலில் வில்சனை முடியுங்கள். கில்யோவுக்கு அப்புறம் வருகிறேன்.