முடித்துவைத்த விவாதத்தை மீண்டும் திறக்கலாமா?

கேள்வி:

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் பதினைந்து பேர் சேர்ந்து ஒரு வாசிப்பு வட்டம் நடத்துகிறோம். மாதம் ஒருமுறை கூடி, அறிவியலிலோ மொழியியலிலோ ஒரு கேள்வியை எடுத்து விவாதிப்பதும், யார் என்ன சொன்னார் என்பதைக் குறிப்பேட்டில் எழுதிவைப்பதும் எங்கள் வழக்கம். மனிதனுக்கு மொழி எப்படித் தோன்றியது என்ற கேள்வியை மூன்று கூட்டங்களில் பேசிவிட்டு, "சான்று போதவில்லை, இனி இதை எடுப்பதில்லை" என்று எழுதி முடித்துவைத்துப் பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. அண்மையில் சேர்ந்த இளைஞர் ஒருவர் அதே கேள்வியை மீண்டும் எடுக்க வேண்டும் என்கிறார். அன்று பேசியவர்களில் சிலருக்கு இதில் வருத்தம். பேசித் தீர்த்ததை ஒவ்வொரு புதியவருக்காகவும் முதலிலிருந்து தொடங்கினால் வட்டம் ஓரடியும் நகராது என்பது அவர்கள் வாதம். அந்தக் கேள்வியைக் கேட்கும் வாய்ப்பே தனக்குக் கிடைக்கவில்லையே என்பது இளைஞரின் வாதம். இரண்டிலும் நியாயம் இருப்பதாக எனக்குப் படுகிறது. குறிப்பேட்டை எழுதும் பொறுப்பு என்னிடம் இருப்பதால், பழைய விவாதம் ஒன்றை எப்போது மூடியே வைக்க வேண்டும், எப்போது திறக்க வேண்டும் என்பதற்கு ஏதேனும் அளவுகோல் உண்டா என்று அறிய விரும்புகிறேன்.

மறுமொழி 1:

மொழியியல் கற்பிப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். தங்கள் வட்டம் எடுத்த முடிவை, அதே கேள்வியைப் பற்றி, 1866இல் பாரிஸ் மொழியியல் கழகமும் எடுத்தது. மொழியின் தோற்றம் குறித்தோ, உலகப் பொதுமொழி ஒன்றை உருவாக்குவது குறித்தோ எழுதப்படும் எதையும் ஏற்பதில்லை என்று அதன் விதிகளின் இரண்டாம் பிரிவு கூறியது. அன்றைய நிலையில் அது நியாயமான முடிவு என்றே நான் நினைக்கிறேன். விலங்குகளின் ஒலியைப் போலச் செய்ததில் சொல் பிறந்தது என்பார் ஒருவர்; வலியிலும் வியப்பிலும் எழுந்த கூவலில் பிறந்தது என்பார் இன்னொருவர்; இருவரில் யார் சொல்வது தவறு என்று காட்டுவதற்கு வழியே இல்லை. தவறென்று காட்ட முடியாத கருத்துகள் மோதிக்கொள்ளும்போது குரல் பெரிதாகுமே தவிர அறிவு வளராது.

ஆனால் அந்த நிலை மாறிவிட்டது. 1970களின் இறுதியிலிருந்து நிகரகுவாவில் காதுகேளாத குழந்தைகள் முதன்முறையாகப் பள்ளிகளில் பெருந்தொகையாக ஒன்றுகூடியபோது, யாரும் கற்றுத்தராத ஒரு சைகைமொழி அவர்களிடையே உருவானது. அதற்குள் இலக்கணம் படிப்படியாக அமைவதை ஆய்வாளர்கள் நேரில் பதிவுசெய்தார்கள். பேச்சுக் குறைபாடு தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்த ஒரு குடும்பத்தை ஆராய்ந்ததில், 2001இல் ஃபாக்ஸ்பி2 என்னும் மரபணுவின் பங்கு தெரிய வந்தது. அழிந்துபோன நம் நெருங்கிய உறவினமான நியாண்டர்தால் மனிதரிடமும் அந்த மரபணு நம்முடையதைப் போலவே இருந்தது என்று 2007இல் கண்டறிந்தார்கள். பாரிஸ் கழகத்தார் கையில் இவற்றில் ஒன்றுகூட இல்லை.

இங்கே ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த மரபணுவின் மாற்றம் கடந்த இரண்டு லட்சம் ஆண்டுகளுக்குள் மனித இனம் முழுவதும் வேகமாகப் பரவியது என்று 2002இல் ஒரு முடிவு வந்தது. பாடநூல்கள் வரை அது சென்றது. உலகின் பல பகுதி மக்களின் மரபணுத் தொகுதிகளைக் கொண்டு 2018இல் மீண்டும் ஆராய்ந்தபோது அந்த முடிவுக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. அதாவது, இன்று இந்தக் கேள்வியில் ஒரு கருத்தைச் சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது. ஆகவே அந்த இளைஞர் இந்தக் கேள்வியை எடுக்கலாம் என்பதே என் கருத்து. ஆனால், "மொழி எப்படித் தோன்றியது" என்று முழுக் கேள்வியையும் ஒரே மூச்சில் கேட்காமல், சரிபார்க்கக்கூடிய ஒரு சிறு பகுதியைப் பிரித்துக்கொண்டு வரச் சொல்லுங்கள்.

மறுமொழி 2:

முதல் மறுமொழியோடு உடன்படுகிறேன். ஒரு வேறுபாட்டை மட்டும் சுட்ட விரும்புகிறேன். பாரிஸ் அறிவியல் கழகம் 1775இல், வட்டத்தைச் சதுரமாக்குதல் (வட்டத்துக்குச் சமமான பரப்புள்ள சதுரம் வரைதல்), கனசதுரத்தை இரட்டித்தல் (இருமடங்கு கனஅளவுள்ள கனசதுரத்தின் பக்கத்தை வரைதல்), கோணத்தை மூன்று சமபாகமாக்குதல் ஆகியவற்றுக்குத் தீர்வு கண்டதாக வரும் கட்டுரைகளையும், ஓயாமல் தானே இயங்கும் எந்திரம் செய்ததாக வரும் அறிவிப்புகளையும் இனிப் பரிசீலிப்பதில்லை என்று தீர்மானித்தது. அன்று அந்த மூன்று கணக்குகளும் இயலாதவை என்று யாரும் நிறுவியிருக்கவில்லை. அளவுக் குறிகள் இல்லாத நேர்கோலும் கவராயமும் மட்டும் கொண்டு பின்னிரண்டையும் செய்ய முடியாது என்பது 1837இல்தான் நிறுவப்பட்டது. வட்டத்தைச் சதுரமாக்க முடியாது என்பது 1882இல் உறுதியானது. கழகம் கதவை மூடியது அனுபவத்தின் அடிப்படையில். கதவு நிரந்தரமாக மூடியது நிரூபணத்தால். இந்த இரண்டும் ஒன்றல்ல. தங்கள் குறிப்பேட்டில் "இனி எடுப்பதில்லை" என்று இருப்பது முதல் வகையைச் சேர்ந்தது. இரண்டாம் வகைக்குரிய உறுதியை அதற்குக் கொடுத்துவிடக் கூடாது.

மறுமொழி 3:

நான் நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் பணிபுரிகிறேன். விவாதத்தை முடித்துவைத்தவர்கள் எதைக் கொண்டு முடித்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும் என்று என் துறை எனக்குக் கற்றுத்தந்திருக்கிறது.

இரைப்பையில் சுருள் வடிவ பாக்டீரியாவைக் கண்டதாகப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே சிலர் எழுதிவந்தார்கள். 1954இல் ஓர் அமெரிக்க ஆய்வாளர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இரைப்பைத் திசு மாதிரிகளைச் சோதித்து, அப்படி எதுவும் அங்கே குடியிருக்கவில்லை என்று அறிவித்தார். எண்ணிக்கை பெரியது என்பதால் கேள்வி முடிந்துவிட்டதாகவே பெரும்பாலோர் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் அவர் பயன்படுத்திய சாயம் அந்தக் கிருமியைத் தெளிவாகக் காட்டக்கூடியது அன்று. 1979இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன் அதைக் கண்டு, வெள்ளிச் சாயம் ஏற்றிப் பார்த்தபோது அது பளிச்சென்று தெரிந்தது. அவரோடு சேர்ந்த பேரி மார்ஷல் அதை வளர்க்கப் பலமுறை முயன்றும் பலனில்லை. இரண்டு நாளில் எதுவும் முளைக்காத தட்டுகளைத் தூக்கி எறிவது ஆய்வக வழக்கமாக இருந்தது. 1982இல் ஈஸ்டர் விடுமுறையால் சில தட்டுகள் கூடுதல் நாட்கள் அடைகாப்பானிலேயே கிடந்தன. அவற்றில் கிருமி வளர்ந்திருந்தது. இரைப்பைப் புண்ணுக்கு அதுவே முக்கியக் காரணம் என்று நிலைநாட்டிய அவ்விருவருக்கும் 2005இல் நோபல் பரிசு கிடைத்தது.

இடைப்பட்ட ஆண்டுகளில் புண்ணோடு வாழ்ந்தவர்களை நினைக்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை. 1954இன் முடிவைப் படித்தவர்கள், "இல்லை" என்ற சொல்லுக்கு அருகில் "இந்தச் சாயத்தில்" என்ற சொற்களையும் சேர்த்துப் படித்திருக்க வேண்டும். எந்த முடிவையும், அதை எட்டிய வழியோடு சேர்த்தே எழுதிவையுங்கள்.

மறுமொழி 4:

மறுதிறப்பின் மறுபக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டும். தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா ஆகிய மூன்றுக்குமான தடுப்பூசி ஆட்டிசத்துக்குக் காரணமாகலாம் என்ற ஐயத்தை, 12 குழந்தைகளைப் பற்றிய ஒரு கட்டுரை 1998இல் கிளப்பியது. அந்தக் கட்டுரையை வெளியிட்ட இதழே 2010இல் அதை விலக்கிக்கொண்டது. டென்மார்க்கில் 5,37,303 குழந்தைகளைக் கொண்டு 2002இலும், 6,57,461 குழந்தைகளைக் கொண்டு 2019இலும் ஆராய்ந்தார்கள். தொடர்பு எதுவும் இல்லை. அதன் பிறகும் புதிய சான்று ஏதுமின்றி அதே கேள்வி திரும்பத் திரும்ப எழுப்பப்படுகிறது. ஒவ்வொரு முறையும் பெற்றோரின் அச்சம் புதுப்பிக்கப்படுகிறது. ஆட்டிசத்தின் உண்மையான காரணங்களைத் தேடச் செலவாகியிருக்க வேண்டிய உழைப்பு, விடை தெரிந்த கேள்விக்கே மீண்டும் செல்கிறது. கேட்பதற்கு ஒரு நிமிடம் போதும். பதில் சொல்லப் பல ஆண்டுகள் ஆகின்றன. எனவே, புதிதாக என்ன கிடைத்தது என்று காட்டும் பொறுப்பு, திறக்கச் சொல்பவருக்கே உரியது. தங்கள் மூத்த உறுப்பினர்களின் வருத்தத்தைப் பிடிவாதம் என்று ஒதுக்கிவிட வேண்டாம்.

கேட்டவர்:

அனைவருக்கும் என் நன்றி. பதினோரு ஆண்டுகளுக்கு முந்தைய பக்கங்களை இன்று எடுத்துப் படித்தேன். யார் எதைப் பேசினார் என்பது விரிவாக இருக்கிறது. சான்று எந்த வகையில் போதவில்லை என்பதற்கு ஒரு வரியும் இல்லை. எது கிடைத்தால் மீண்டும் எடுக்கலாம் என்பதும் இல்லை. எழுதியவன் நான் என்பதால் அந்தக் குறை என்னுடையது. அந்த இளைஞர் முதலில் இந்தப் பக்கங்களை முழுமையாகப் படிக்கட்டும். பிறகு, அன்று நாங்கள் அறியாதிருந்த எதைக் கொண்டுவருகிறார் என்று ஒரு பக்க அளவில் எழுதித் தரட்டும். அந்தப் பக்கத்தை அன்று பேசியவர்கள் கையில் கொடுத்து, அவர்கள் படித்த பிறகு கூட்டத்துக்கு நாள் குறிக்கலாம் என்று இருக்கிறேன். பழைய முடிவை அடிக்கப்போவதில்லை. அதற்குக் கீழே தேதியிட்டு, விடுபட்ட அந்த இரண்டு வரிகளை எழுத அன்று பேசியவர்களையே கேட்கப்போகிறேன்.