பனிக்கட்டியில் அதிரும் ஸ்னோபோர்டு: காரணம் மரமா, இழையா?

வடக்குச்சரிவு:
அனைவருக்கும் வணக்கம். ரொறன்ரோவில் வசிக்கிறேன், ஆறு குளிர்காலங்களாகக் கொலிங்வூட்டுக்கு அருகிலுள்ள புளூ மவுண்டனில் ஸ்னோபோர்டு ஓட்டி வருகிறேன். சென்ற ஆண்டுவரை என்னிடம் இருந்தது பாப்ளர் மரக்கருவும் சாதாரணக் கண்ணாடியிழையும் கொண்ட, சற்றுக் கனமான 158 சென்டிமீட்டர் பலகை. அதன் விளிம்பு தேய்ந்து போனதால், பௌலோனியா மரக்கருவும் நீளவாக்கில் கார்பன் பட்டைகளும் உள்ள, அதே நீளமான பலகையை இந்தப் பருவத்தில் வாங்கினேன். தூக்கினால் எடையே தெரியவில்லை, தாவுவதற்கும் அருமையாக இருக்கிறது. ஆனால் இயந்திரத்தில் செய்த பனி இரவில் இறுகி, காலையில் கண்ணாடிபோல் கிடக்கும் சரிவில் வேகமெடுத்ததும் முன்காலின் பாதத்திலிருந்து முழங்கால்வரை நடுக்கம் ஏறுகிறது. குதிகால் பக்கம் திரும்பினால் விளிம்பு பிடிப்பதும் விடுவதுமாகத் தடதடக்கிறது. கார்பன் இருந்தால் எல்லா வகையிலும் மேல் என்றுதான் கடையில் சொன்னார்கள். பிழை என் ஓட்டத்திலா, பலகையிலா?

அரமும் மெழுகும்:
நான் வன்கூவரில் ஸ்னோபோர்டுகளைப் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றில் வேலை செய்கிறேன். சென்ற வாரம் முறிந்து வந்த ஒரு பலகையைக் குறுக்கே அறுத்தபோது உள்ளே கண்டதைச் சொல்கிறேன். அடியில் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றே கூடிய பாலிஎதிலீன் தளம், அதன் ஓரங்களில் எஃகு விளிம்பு, விளிம்பின்மேல் காகிதம்போல் மெல்லிய ரப்பர் பட்டை, பிறகு எபாக்சிப் பசையில் ஊறிய கண்ணாடியிழைத் துணி, நடுவில் மெல்லிய மரச்சட்டங்களை ஒட்டிச் செய்த கரு, அதன்மேல் மீண்டும் கண்ணாடியிழை, எல்லாவற்றுக்கும் மேலே வண்ணப்படம் அச்சிட்ட மேலுறை. வளைவைத் தாங்கும் வேலையில் பெரும்பங்கு அந்த இரண்டு இழைத்துணிகளுடையது. மரம் அவற்றை ஒன்றைவிட்டு ஒன்றை விலக்கிப் பிடித்திருக்கிறது. அதனால்தான் கருவின் தடிப்பு பத்தில் ஒரு பங்கு கூடினாலே விறைப்பு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடிவிடுகிறது.

உங்களுக்கு மாறியவை இரண்டு. பௌலோனியா, பாப்ளரைவிட மிகவும் இலேசான மரம். பலகையின் எடை குறையும்போது பனியிலுள்ள சிறு மேடுகூட அதை எளிதாக எற்றிவிடுகிறது. கார்பன் இழையோ, கண்ணாடியிழையைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு விறைப்பானது, எடையிலும் குறைந்தது. வளைத்து விட்டால் சட்டென்று மீளும், அதிர்வை விழுங்காமல் காலுக்கே அனுப்பிவிடும். தாவும்போது நீங்கள் ரசிக்கும் துள்ளலும் காலையில் உங்களை வருத்தும் நடுக்கமும் ஒரே குணத்திலிருந்து வருபவை.

விளிம்பு விட்டுப்போவது வேறு கதை. நீளவாக்கில் ஓடும் கார்பன் பட்டைகள் பலகை முறுக்கிக்கொள்வதை அவ்வளவாகத் தடுப்பதில்லை. பையாக்ஸ் என்னும் துணியில் இழைகள் நெடுக்கும் குறுக்குமாக மட்டுமே ஓடும். ட்ரையாக்ஸில் நெடுக்கிழைகளோடு இருபுறமும் 45 பாகைச் சாய்வில் இழைகள் இருக்கும், முறுக்கை எதிர்ப்பவை அந்தச் சாய்விழைகளே. உங்கள் பலகையில் பையாக்ஸ் இருக்குமானால், நீங்கள் குதிகாலை அழுத்தும்போது, காலணியைப் பலகையோடு பூட்டும் பைண்டிங்குக்கு அடியிலுள்ள விளிம்பு பனியைப் பிடித்தாலும், மூக்குப் பகுதி முறுக்கிக்கொண்டு விலகிவிடும். ஈரத்துணியைப் பிழிவதுபோல் பலகையின் இரு முனைகளையும் எதிரெதிராகத் திருகிப் பார்த்துச் சொல்லுங்கள்.

வடக்குச்சரிவு:
வாலை ஒருவர் பிடித்துக்கொள்ள, இரண்டு பலகைகளையும் திருகிப் பார்த்தோம். புதியது நீளவாக்கில் வளைய மறுக்கிறது, ஆனால் முறுக்கினால் பழையதைவிட மிக எளிதாகத் திரும்பிக்கொடுக்கிறது. அடுத்த பலகையில் டைட்டனல் என்னும் உலோகத் தகடு இருக்க வேண்டுமா?

ஆல்ப்ஸ் தமிழன்:
சுவிட்சர்லாந்தின் கிராவ்புண்டனில் இருக்கிறேன். ஒன்பது ஆண்டுகளாக டைட்டனல் பலகைதான். பெயரைக் கேட்டால் டைட்டானியம் என்று தோன்றும், உண்மையில் அது ஆஸ்திரியாவில் ஆக்கப்படும் வலுவான அலுமினியக் கலவை. அரை மில்லிமீட்டர்கூட இல்லாத அந்தத் தகட்டை மெல்லிய ரப்பரோடு சேர்த்து மரத்தின் மேலும் கீழும் ஒட்டுகிறார்கள். பலகை வளையும் ஒவ்வொரு முறையும் அந்த ரப்பர் தகட்டுக்கும் மரத்துக்கும் இடையே சிறிது நழுவி இழுபடுகிறது, அதிர்வின் ஆற்றல் அங்கேயே வெப்பமாகித் தீர்கிறது. கடினப் பனியில் முழு வேகத்தில் செல்லும்போது பலகை தரையோடு ஒட்டிக்கொண்டு ஓசையின்றிப் போவதை முதல்முறை உணர்ந்த நாள் எனக்கு இன்னும் மறக்கவில்லை. ஆனால் எடை கூடும், விலையும் கூடும். இரும்புக் கம்பிகளில் சறுக்குவோருக்கு இது ஆகாது, ஏனெனில் கண்ணாடியிழை வளைந்து மீளும் இடத்தில் இந்தத் தகடு மடங்கினால் மடங்கியதுதான். நீங்கள் தாவுவதையும் விரும்புவதால் ட்ரையாக்ஸ் கண்ணாடியிழையும் பாப்ளரோடு பீச் போன்ற கனமரச் சட்டங்கள் கலந்த கருவும் உள்ள பலகையே பொருந்தும் என்பது என் கருத்து.

மெதுநடை:
பொருள்களைப் பற்றி மேலே சொன்னவை சரியே. ஆயினும் பலகையின் வடிவத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பைண்டிங்குகளுக்கு நடுவே பலகை மேல்நோக்கி வளைந்திருக்கும் கேம்பர் வடிவத்தில் அழுத்தம் முனைகள்வரை பரவும். ராக்கர் வடிவத்தில் முனைகள் பனியைத் தொடாமலே தூக்கி நிற்பதால், எந்த இழையை வைத்தாலும் பனிக்கட்டியில் பிடி குறையும். உங்கள் புதிய பலகையைச் சமதரையில் வைத்து, அதன் நடுப்பகுதி தரையைத் தொடுகிறதா என்று பாருங்கள். விளிம்பையும் சோதியுங்கள்: நகத்தை விளிம்பின் குறுக்கே இழுத்தால் மெல்லிய சீவல் வரவேண்டும், வழுக்கிச் சென்றால் அது மழுங்கியிருக்கிறது. புதிய பலகைகள் பலவும் அப்படித்தான் வருகின்றன.

வடக்குச்சரிவு:
நடுவில் தரையைத் தொடவில்லை, ஆகவே கேம்பர்தான். நகம் வழுக்கியது. சனிக்கிழமை விளிம்பைத் தீட்டிக்கொண்டு, அதே சரிவில் அதே காலை வேளையில் இரண்டு பலகைகளையும் மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்து எழுதுகிறேன். நடுக்கம் நிற்காது என்பது புரிகிறது. பிடி எவ்வளவு திரும்புகிறது என்பதை வைத்தே இதை விற்பதா வைத்துக்கொள்வதா என்று முடிவு செய்வேன்.