புதுப்பிப்பு: அல்சூர் மாடி லிங்க் ஓடுகிறது
பெங்களூரு அல்சூரில் கடைக்கும் எதிர்த்தெரு குடோனுக்கும் நெட்வொர்க் இணைக்க, இரு மாடியிலும் வைஃபை ரேடியோ மாட்டியும், சிக்னல் நன்றாக இருந்தும், குடோன் கணினிக்கு ஐபி (நெட்வொர்க் முகவரி) கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தேன் அல்லவா? சரியாகிவிட்டது. இரண்டு முனையிலும் டபிள்யூடிஎஸ் (ரேடியோக்கள் நான்கு முகவரி ஃபிரேமில் பேசும் வசதி) போட்டோம், அவ்வளவுதான்.

சாதாரணமாக வைஃபை கிளையன்ட் (இங்கே குடோன் ரேடியோ) அனுப்பும் ஃபிரேமில், அதாவது டேட்டா பொட்டலத்தில், மூன்று மேக் முகவரிதான் (கருவியின் அடையாள எண்). ரேடியோவே அனுப்புநர் ஆகிவிடும்; அதன் பின்னால் சுவிட்சில் தொங்கும் கணினிக்கு இடமே இல்லை. நான்கு முகவரி ஃபிரேமில் காற்றில் பேசும் இரு ரேடியோக்களோடு அசல் அனுப்புநரும் பெறுநரும் சேர்ந்தே போவார்கள். இப்போது கடை சுவிட்சின் மேக் பட்டியலில் குடோன் கணினி, பிரின்டர் எல்லாம் ரேடியோ செருகிய அதே போர்ட்டில் தனித்தனியாகத் தெரிகின்றன.

ரேடியோவை ரௌட்டர் மோடில் (இரு பக்கமும் தனித்தனி நெட்வொர்க்) வைக்கச் சொன்ன அண்ணனுக்கு: அதுவும் ஓடும்தான். ஆனால் பிராட்காஸ்ட் (எல்லாக் கருவிக்கும் போகும் பொது அழைப்பு) தாண்டாது. அதனால் குடோன் பிரின்டரைக் கடைக் கணினி தானாகக் கண்டுபிடிக்காது.