உதவி தேவை: குலை ஏற்றிய லோரி ஸ்டார்ட் ஆகவில்லை, இரண்டு பேட்டரியில் எதில் ஜம்பர் கேபிளை மாட்டுவது?

லிந்தாங் லோரி:
அனைவருக்கும் வணக்கம். சுங்கை சிப்புட்டிலிருந்து லிந்தாங் செல்லும் பாதையை ஒட்டிய தோட்டத்தில் நேற்று மாலை செம்பனைக் குலைகளை ஏற்றி நிறுத்திவைத்த லோரி இன்று காலை ஸ்டார்ட் ஆகவில்லை. டீசல் லோரி, இரண்டு பேட்டரி உள்ளது. தோட்டத்து டிராக்டர் பக்கத்திலேயே நிற்கிறது. ஜம்பர் கேபிளும் கைவசம் இருக்கிறது. எந்தப் பேட்டரியில் மாட்டுவது என்பதை மட்டும் யாராவது விரைந்து சொன்னால் போதும். வெட்டிய குலை ஆலைக்குப் போய்ச் சேரத் தாமதமானால் தரத்தைக் குறைத்துவிடுவார்கள்.

சாலாக் பட்டறை:
தம்பி, அவசரம் புரிகிறது, ஆனால் தேவையான விவரம் எதையும் நீங்கள் சொல்லவில்லை. லோரி 12 வோல்ட்டா, 24 வோல்ட்டா? சாவியைத் திருப்பும்போது ஒன்றுமே கேட்கவில்லையா, ‘டக் டக்’ என்ற ஓசை மட்டும் வருகிறதா, அல்லது நன்றாகச் சுற்றியும் பற்ற மறுக்கிறதா? நன்றாகச் சுற்றுகிறது என்றால் கோளாறு பேட்டரியில் இல்லை. டீசல் குழாயில் காற்றுப் புகுந்ததா, ஃபில்டர் அடைத்ததா என்று வேறு வழியில் தேட வேண்டும்.

ஜாலோங்கான்:
நிச்சயமாகப் பேட்டரி முனையைப் பிடிக்கும் கிளாம்ப் தான். முனைகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கும். வெந்நீர் ஊற்றிக் கழுவி, கம்பித் தூரிகையால் தேய்த்து, இறுக்கிப் பாருங்கள். என் அனுபவத்தில் பாதி லோரிகள் இதற்கே எழுந்து நின்றுவிடும்.

வயர்மேன்:
இதே கேள்வி வேறு வேறு பெயரில் இங்கே வந்துகொண்டே இருக்கிறது. பழைய பதில்களைப் படிக்க மட்டும் யாருக்கும் பொறுமை இல்லை. இரண்டு பேட்டரி என்றால் அவை தொடரில் இருக்கின்றனவா, இணையில் இருக்கின்றனவா என்று பார்க்கத் தெரியாதவர் கேபிளைத் தொடாமல் இருப்பதே நல்லது. ஒன்றின் பாசிட்டிவிலிருந்து மற்றதன் நெகட்டிவுக்கு ஒரு குட்டைக் கேபிள் போனால் அது தொடர், அதாவது 24 வோல்ட். பாசிட்டிவுக்குப் பாசிட்டிவும் நெகட்டிவுக்கு நெகட்டிவும் இணைந்திருந்தால் 12 வோல்ட். இதைப் பார்க்க மீட்டர்கூட வேண்டாம், கண் போதும்.

லிந்தாங் லோரி:
‘டக் டக்’ ஓசை மட்டும் வருகிறது, விளக்கு மங்குகிறது. குட்டைக் கேபிள் இருக்கிறது. 24 என்று தவுக்கேயும் (முதலாளி) சொன்னார். டிராக்டரை மாட்டலாமா?

சாலாக் பட்டறை:
மாட்டக் கூடாது. தோட்டத்து டிராக்டர்கள் பெரும்பாலும் 12 வோல்ட். தளர்ந்துபோன 24 வோல்ட் தொகுப்பில்கூட 20 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். அதன் இரு வெளி முனைகளிலும் டிராக்டரைச் சேர்த்தால் மின்சாரம் லோரிக்குள் போகாது, லோரியிலிருந்து டிராக்டருக்குப் பாய்ந்து அதன் பேட்டரியைக் கொதிக்க வைத்துவிடும். இன்னொரு 24 வோல்ட் லோரியைத் தேடுங்கள். அதற்குள் இரண்டு பேட்டரியையும் தனித்தனியாக மீட்டர் வைத்துப் பார்த்து, ஒவ்வொன்றும் எவ்வளவு காட்டுகிறது என்று எழுதுங்கள். நன்றாக ஏறிய பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் அளவில் இருக்கும். 12 என்றால் முக்கால் பங்கு காலி.

மண்டோர் மகன்:
எதற்கு இவ்வளவு சிரமம்? டிராக்டர் இருக்கிறதே, அதை வைத்து இழுத்து இரண்டாம் கியரில் கிளட்சை விட்டால் டீசல் எஞ்சின் தானாகப் பிடிக்கும். ரப்பர் காலத்திலிருந்து தோட்டத்தில் இப்படித்தான் செய்தார்கள்.

சாலாக் பட்டறை:
அந்தக் கால லோரிகளின் பம்ப் முழுக்க இயந்திர அமைப்பு, அதனால் பிடித்தது. கணினி டீசலைக் கட்டுப்படுத்தும் இப்போதைய காமன் ரெயில் வண்டியில், அந்தக் கணினிக்கும் இன்ஜெக்டருக்கும் போதிய மின்சாரம் இல்லாவிட்டால் எத்தனை இழுத்தாலும் ஒரு சொட்டு டீசல் உள்ளே போகாது. அதோடு, எஞ்சின் ஓடாத லோரிக்கு ஸ்டீயரிங் உதவி கிடையாது. ஏர் பிரேக் உள்ள வண்டியில் காற்று ஏறாதவரை பார்க்கிங் பிரேக் விடவும் விடாது. விடுவித்தால், நிறுத்த வழியிருக்காது. குலை ஏற்றிய வண்டியைச் செம்மண் சரிவில் இப்படிக் கட்டி இழுப்பதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

ஜாலோங்கான்:
வெல்டிங் மெஷினை 24 வோல்ட்டுக்கு மாட்டி ஸ்டார்ட் செய்ததை நான் நேரில் பார்த்திருக்கிறேன். ஸ்டோரில் இருந்தால் முயலலாமே.

வயர்மேன்:
அந்த லோரியின் கணினி இப்போது எந்தக் கடையில் விற்பனைக்கு இருக்கிறது என்று சொல்லுங்கள், வாங்கி வைத்துக்கொள்கிறோம். வெல்டிங் மெஷின் சுமையில்லாமல் நிற்கும்போது 50 முதல் 80 வோல்ட் வரை கொடுக்கும்.

கோலகங்சார் வாசகர்:
ஓர் ஐயம். 12 வோல்ட் டிராக்டரைக் கொண்டு ஒரு பேட்டரிக்கு மட்டும் சற்று நேரம் சார்ஜ் ஏற்றி, பிறகு மற்றதற்கும் அப்படியே ஏற்றினால் என்ன தவறு? இரண்டும் தனித்தனி 12 வோல்ட் தானே.

சாலாக் பட்டறை:
கணக்கின்படி சரி, ஐயா. நடைமுறையில் ஆபத்து, இரண்டு பேட்டரியும் சேரும் நடுமுனையில் இருக்கிறது. நெகட்டிவ் சேசிஸோடு (லோரியின் இரும்புச் சட்டத்தோடு) சேர்ந்த பேட்டரியைக் கீழ்ப் பேட்டரி என்றும் மற்றதை மேல் பேட்டரி என்றும் வைத்துக்கொள்ளுங்கள். கீழ்ப் பேட்டரியில் மாட்டும்போது பெரிய கேடு இல்லை. மேல் பேட்டரியில் மாட்டினால், அதன் நெகட்டிவ் என்பது சேசிஸைவிட 12 வோல்ட் உயரத்தில் இருக்கும் முனை; டிராக்டரின் உடம்பு முழுவதும் அந்த முனையோடு ஒட்டிவிடுகிறது. அந்த நேரத்தில் டிராக்டரின் பக்கெட்டோ கொக்கியோ லோரி உடம்பில் உரசினால் கீழ்ப் பேட்டரி ஜம்பர் கேபிள் வழியாக நேரே ஷார்ட் ஆகும். கேபிள் உருகும் அளவுக்குச் சூடேறும். இரண்டுக்கும் இடையிலுள்ள குட்டைக் கேபிளைக் கழற்றிவிட்டுத் தனித்தனியாக ஏற்றினால் மட்டும் ஒத்துக்கொள்வேன்.

லிந்தாங் லோரி:
மீட்டர் கிடைத்தது. ஒன்று 12.5, மற்றது 9.6. பக்கத்துத் தோட்டத்து 24 வோல்ட் லோரி வருகிறதாம்.

சாலாக் பட்டறை:
இதற்குத்தான் தனித்தனியாகப் பார்க்கச் சொன்னேன். இரண்டையும் சேர்த்து அளந்தால் 22.1 என்று காட்டும், பேட்டரி இரண்டுமே இறங்கிவிட்டன என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். ஒன்று நல்ல நிலையில் இருக்க மற்றது மட்டும் கிடக்கிறதென்றால், யாரோ ரேடியோவுக்கோ டேஷ் கேமராவுக்கோ 12 வோல்ட் வயரை அந்த ஒரு பேட்டரியிலிருந்து இழுத்திருப்பார்கள், அல்லது அந்தப் பேட்டரிக்குள்ளேயே ஒரு செல் (உள்ளறை) செத்திருக்கும். வயரைத் தேடிப் பாருங்கள்.

வண்டி வந்ததும் இப்படிச் செய்யுங்கள். இரு லோரிகளும் ஒன்றையொன்று தொடாமல் நிற்கட்டும். இரண்டிலும் நியூட்ரல், ஹேண்ட்பிரேக், சாவி நிறுத்தம், விளக்கும் விசிறியும் அணைப்பு. கேபிள் லோரிக்கு ஏற்ற தடிமனாக இருக்க வேண்டும். கார் சாமான் கடையில் விற்கும் மெல்லிய கேபிள் 24 வோல்ட் ஸ்டார்ட்டர் இழுக்கும் மின்சாரத்தைத் தாங்காது. சிவப்பை உங்கள் லோரியில் ஸ்டார்ட்டருக்குப் போகும் வெளிப் பாசிட்டிவில் மாட்டுங்கள். குட்டைக் கேபிள் தொடும் முனைகள் எதையும் தொடாதீர்கள். சிவப்பின் மறுமுனை உதவிக்கு வரும் லோரியின் அதே போன்ற வெளிப் பாசிட்டிவில். கறுப்பு முதலில் அந்த லோரியின் வெளி நெகட்டிவில். கடைசியாக, உங்கள் எஞ்சின் பிளாக்கில் பெயின்ட் இல்லாத இரும்பில், பேட்டரியிலிருந்து தள்ளி. கடைசி இணைப்பில்தான் பொறி பறக்கும்; பேட்டரி மேல் நிற்கும் ஹைட்ரஜன் காற்றில் 4 விழுக்காடு இருந்தாலே வெடிக்கும். பேட்டரி உப்பியோ வெடிப்பு விட்டோ இருந்தால் எதையும் மாட்டாதீர்கள்.

வயர்மேன்:
முக்கியமானதை விட்டுவிட்டீர்கள். சாவியைத் திருப்பும்போது, மின்சாரம் கொடுக்கும் லோரியின் எஞ்சின் நிறுத்தியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் எஞ்சின் ஓட்டத்தில் சார்ஜ் தரும் அதன் ஆல்டர்னேட்டரில் உள்ள டயோடு போய்விடும்.

பழைய டிரைவர்:
நான் அப்படி நிறுத்திப் பார்த்ததில்லை. சற்று நேரம் ஓட விட்டுச் சார்ஜ் ஏற்றி, ஓட்டத்திலேயே ஸ்டார்ட் செய்வதுதான் என் பழக்கம்.

வயர்மேன்:
உங்கள் பழக்கத்துக்கும் டயோடுக்கும் தொடர்பில்லை.

சாலாக் பட்டறை:
தயாரிப்பாளர் கையேடுகளே இதில் ஒன்றுபோல் சொல்வதில்லை. உங்கள் வண்டியின் கையேடு சொல்வதைச் செய்யுங்கள். ஓட விட்டுச் சார்ஜ் ஏற்றிவிட்டு, ஸ்டார்ட் செய்யும் கணத்தில் நிறுத்துவது இரு தரப்புக்கும் பாதுகாப்பு என்பது என் கருத்து. உங்கள் லோரி ஓடத் தொடங்கியதும் கேபிளைப் பிடுங்கும் முன் உள்விசிறியை முழு வேகத்தில் வையுங்கள். திடீரென்று எழும் மின்னழுத்தத்தை அது விழுங்கிக்கொள்ளும். விளக்கைப் போட்டால் பல்பு போகக்கூடும். கழற்றுவது மாட்டியதற்குத் தலைகீழ் வரிசை: எஞ்சின் பிளாக்கில் உள்ள கறுப்பு முதலில்.

பழைய டிரைவர்:
விசிறி எல்லாம் இல்லாமலே ஆயிரம் லோரிகள் ஓடுகின்றன.

வயர்மேன்:
ஓடாதவற்றை யாரும் எண்ணுவதில்லையே.

லிந்தாங் லோரி:
எடுத்துவிட்டது. ரேடியோவுக்கு வயர் ஒரே பேட்டரியில்தான் போயிருந்தது. ஆலைக்குக் கிளம்புகிறேன், நன்றி.

சாலாக் பட்டறை:
மகிழ்ச்சி, ஆனால் மாலையில் அந்த 9.6 பேட்டரியைக் கழற்றித் தனிச் சார்ஜரில் வையுங்கள். லோரி ஆல்டர்னேட்டர் கொடுக்கும் 28 வோல்ட்டில் அந்தப் பேட்டரி தன் பங்கைப் பிடிக்காததால், நல்ல பேட்டரி 14-க்கு மேல் சுமந்துகொண்டிருக்கும். அழுகிய முட்டை வாடை வந்தாலோ பேட்டரி சுட்டாலோ ஓரமாக நிறுத்திவிடுங்கள். ஒரு செல் செத்தது என்று தெரிந்தால் இரண்டையும் ஒரே ஆம்பியர், ஒரே வயதாக மாற்றுங்கள். புதியது ஒன்றும் பழையது ஒன்றுமாகப் போட்டால் இதே கதை மீண்டும் வரும். ரேடியோவுக்கு 24-இலிருந்து 12 ஆக்கும் கன்வர்ட்டர் ஒன்று வாங்கிப் போடுங்கள், விலையும் அதிகமில்லை.

கோலகங்சார் வாசகர்:
நல்ல விளக்கம், ஐயா. என் வண்டியிலும் இன்றே தனித்தனியாக அளக்கப்போகிறேன்.

பழைய டிரைவர்:
தம்பி, சாவியைத் திருப்பியபோது அந்த லோரியின் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்ததா, நிறுத்தியிருந்ததா என்று சொல்லாமல் போய்விட்டீர்களே.